பாரம் குறைந்த வண்டி பந்தயத்தை வெல்லுமா?

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம்மவர் நாவிற் பழகிய முதுமொழி. ஆயினும், சில வேளைகளிற் கூடமும் உண்மையாகவே கோணலாய் இருந்துவிடுவதுண்டு. ஆதலால், ஆடுபவளைக் குறைகூறுமுன் கூடத்தையும் ஒருமுறை அளந்து பார்த்தலே நீதி. இவ்வாரம் நாம் அளக்கப் புகுவது துவிச்சக்கர வண்டியை.

சித்திரைப் புத்தாண்டும் பெருநாள் விடுமுறையும் வந்துவிட்டால் நமது கிழக்குக் கரையோர ஊர்களில் விளையாட்டு விழாக்கள் களைகட்டிவிடும். கயிறிழுத்தல், மரதன் ஓட்டம், பார்ப்போரைச் சிரிக்க வைக்கும் மெதுவான சைக்கிள் ஓட்டம் என்பனவற்றோடு, பார்ப்போரை மூச்சுவிட மறக்கச் செய்யும் வேகமான சைக்கிள் ஓட்டமும் நடைபெறும். அம்பாறை மாவட்டத்தின் வட எல்லையிலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் வயலுமாக விளங்கும் பெரியநீலாவணையை அறியாதார் இப்பகுதியில் இல்லை. ஏ-4 நெடுஞ்சாலை அவ்வூரை ஊடறுத்துச் செல்கின்றது. தெற்கே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை. வடக்கே பெரியகல்லாறு, கோட்டைக்கல்லாறு, களுவாஞ்சிகுடி. அப்படியே போனால் கல்லடிப் பாலமும் மட்டக்களப்பு நகரமும். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலான ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில், பாலங்களின் முதுகை விட்டால் மேடு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. வாசகர்கள் இச்செய்தியை நினைவிற் கொள்ளவேண்டும். நமது வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி இதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றது.

ஓட்டம் முடிந்ததும் தோற்ற இளைஞர்கள் கூடிநின்று பேசுவதைக் கேட்டால், பத்தில் எட்டுப் பேர் ஒரே காரணத்தையே சொல்வர்: “அவனுடைய வண்டி பாரம் குறைந்தது, என்னுடையதோ இரும்பு.” பேச்சு அத்துடன் நின்றுவிட்டால் கவலையில்லை. அது வீட்டுக்குள்ளும் நுழைகின்றது. காபன் நாரினாற் செய்த வண்டி ஒன்று வேண்டுமென்று மகன் அடம்பிடிக்கின்றான். வாப்பாவோ அப்பாவோ கையை விரித்தால், உம்மாவின் வளையலும் அம்மாவின் சங்கிலியும் அடைவு கடைக்குப் போகின்றன. பணவசதி அறவே இல்லாத வீட்டிலோ வேறொரு நட்டம் நேர்கின்றது. “இந்த இரும்பை வைத்துக்கொண்டு நான் எப்படி வெல்வது?” என்று பையன் பயிற்சியையே கைவிட்டுவிடுகின்றான். நகை போவது ஒரு நட்டம். ஊக்கம் போவது அதனினும் பெரிய நட்டம். ஆகவேதான், பாரம் குறைந்த வண்டி வீதி ஓட்டத்தின் நேரத்தை மெய்யாகவே குறைக்கின்றதா என்ற வினாவை நாம் விளையாட்டாக எண்ணாது விசாரிக்கின்றோம்.

மூன்று எதிரிகள்

சைக்கிள் ஓட்டுபவருடைய கால்வலுவை மூன்று எதிரிகள் உண்கின்றன.

முதலாவது எதிரி காற்று. ஓட்டுபவர் காற்றைப் பிளந்துகொண்டே முன்செல்லவேண்டும். இத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளருவது. வேகத்தை இரு மடங்காக்கினால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதனை வெல்வதற்கு வேண்டிய வலுவோ எட்டு மடங்காகும். இந்த எதிரி வண்டியின் பாரத்தைக் கேட்பதில்லை. ஓட்டுபவர் எவ்வளவு அகலமாக, எவ்வளவு நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார் என்பதையே கேட்கின்றது.

இரண்டாவது எதிரி உருளல் தடை. ரயர் வீதியோடு அமுங்கி, மீண்டும் விரியும்போது சிறிது சக்தி வெப்பமாக வீணாகின்றது. இத்தடை பாரத்துக்கேற்பக் கூடும் என்பது உண்மை. ஆனால், காற்று நன்கு அடிக்கப்பட்ட ரயர் நல்ல தார் வீதியில் ஓடும்போது இதன் அளவு சொற்பமே.

மூன்றாவது எதிரி புவியீர்ப்பு. மேட்டில் ஏறும்போது, ஓட்டுபவரையும் வண்டியையும் சேர்த்து அவ்வுயரத்துக்குத் தூக்கவேண்டும். இங்கே பாரமே தலைவன்; ஒவ்வொரு கிலோவுக்கும் விலை கொடுத்தே ஆகவேண்டும். சமதரையிலோ இந்த எதிரி உறங்குகின்றான்.

புறப்படும்போதும் வேகத்தைக் கூட்டும்போதும் பாரம் தடுக்காதா என்று மாணவர் கேட்கலாம். தடுக்கும், எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 32 கிலோமீற்றர் வேகத்தை எட்டுவதற்கு, மேலதிகமான 5 கிலோ பாரம் கேட்கும் சக்தி ஏறத்தாழ 200 யூல். நடுத்தரமான பந்தய ஓட்டுநர் ஒருவர் ஒரு செக்கனில் உழைக்கும் சக்தி அவ்வளவே. ஆகவே, ஒருமுறை புறப்படுவதில் நேரும் நட்டம் ஏறத்தாழ ஒரு செக்கனின் உழைப்பு. சில்லின் விளிம்பிலுள்ள பாரம் முன்னோக்கிச் செல்வதோடு சுழலவும் வேண்டியிருப்பதால், இக்கணக்கில் அது மட்டும் இரட்டிப்பாகும். அதனையும் சேர்த்தாலும் இது சில செக்கன்களின் விவகாரமே.

கடதாசியில் ஒரு பந்தயம்

இப்பொழுது கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை கடதாசியில் ஒரு பந்தயம் நடத்திப் பார்ப்போம். ஓட்டுநரின் நிறை 60 கிலோ. அவருடைய கால்கள் இடைவிடாது கொடுக்கும் வலு சுமார் 208 உவாற்று. காற்று வீசாத காலைப்பொழுது. முதல்நாள் அவர் 15 கிலோ நிறையுள்ள உருக்கு வண்டியில் 40 கிலோமீற்றர் செல்கின்றார். மணிக்கு 32 கிலோமீற்றர் வேகம். பிடித்த நேரம் 75 நிமிடம். மறுநாள், மற்றெல்லாம் அப்படியே இருக்க, வண்டியின் நிறை மட்டும் 10 கிலோவாகக் குறைந்துவிடுகின்றது. வண்டியின் பாரத்தில் மூன்றிலொரு பங்கு போய்விட்டது! அவர் எத்தனை நிமிடம் முந்துவார்?

நிமிடம் அன்று, சுமார் 20 செக்கன்.

வாசகர்கள் வியக்கவேண்டியதில்லை. வண்டி மட்டும் ஓடுவதில்லை. ஓட்டுபவரும் சேர்ந்தே ஓடுகின்றார். 15 கிலோ 10 ஆனது என்று காண்பது வண்டியை மட்டும் பார்ப்பவரின் கண். வீதி காண்பதோ 75 கிலோ 70 ஆனதை. அதுவும் அந்த வித்தியாசம் சமதரையில் சிறிய எதிரியாகிய உருளல் தடையை மட்டுமே தொடுகின்றது. பெரிய எதிரியாகிய காற்றைத் தொடுவதே இல்லை.

இனி, அதே ஓட்டுநர் அதே 15 கிலோ வண்டியில், முழங்கையை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, தோள்களை ஒடுக்கி அமர்ந்து, காற்றுத் தடையை நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைத்தாரென்று கொள்வோம். கணக்கின்படி அவர் மூன்றரை நிமிடம் முந்திவிடுகின்றார். இதற்கு ஒரு சதமேனும் செலவில்லை. மறுதலையாக, ரயரில் காற்றுக் குறைந்து உருளல் தடை மூன்றிலொரு பங்கு கூடியதாயின், ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இழக்கின்றார். காற்றடிக்க மறந்தவன் பாரத்தைக் குறைத்துப் பெற்ற 20 செக்கனை நான்கு மடங்குக்கு மேலாகத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றான்.

நமது வீதியில் காற்று வீசாத காலைப்பொழுது நாள்தோறும் வாய்ப்பதுமில்லை. வீதி வடக்குத் தெற்காகக் கடலோரம் செல்கின்றது. வாடைக் காலத்தில் மட்டக்களப்பை நோக்கி ஓடுபவருக்கு எதிர்க்காற்று. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் மீது 10 கிலோமீற்றர் வேக எதிர்க்காற்று வீசினால், அவர் உணரும் தடை முக்கால் மடங்குக்கு மேற் கூடிவிடுகின்றது. கச்சான் காலத்திலோ தரைப்பக்கத்திலிருந்து வரும் வறண்ட காற்று விலாவைத் தாக்கும். இவற்றோடு ஒப்பிடும்போது, வண்டியின் பாரம் யானைக்கு முன் எறும்பு.

ஒரு மருத்துவரின் நாணயம்

கணக்கு கடதாசியில் சரியாயிருக்கும், வீதியில் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கூறுவோம்.

இங்கிலாந்தில் செஸ்டர்பீல்ட் என்னும் நகரத்து வைத்தியசாலையில் மயக்கமருந்து நிபுணராகக் கடமையாற்றிய ஜெரமி குரோவ்ஸ் என்பவர், ஷெபீல்ட் பகுதியிலிருந்து வேலைக்குச் சைக்கிளிற் போய்வருவது வழக்கம். போய்வரும் தூரம் 27 மைல். அதாவது 43 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அவரிடம் இரு வண்டிகள் இருந்தன. ஒன்று 50 பவுணுக்கு வாங்கிய பழைய உருக்கு வண்டி, நிறை 13.5 கிலோ. மற்றது ஏறத்தாழ 1,000 பவுண் பெறுமதியான புதிய காபன் வண்டி, நிறை 9.5 கிலோ. புதிய வண்டி உண்மையிலே வேகமானதா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. மருத்துவராதலின், மருந்தைச் சோதிப்பது போலவே வண்டியையும் சோதிக்கத் துணிந்தார்.

காலையில் ஒரு நாணயத்தைச் சுண்டுவார். தலை விழுந்தால் ஒரு வண்டி, பூ விழுந்தால் மற்ற வண்டி. இதனால், “இன்று உடல் உற்சாகமாக இருக்கிறது, நல்ல வண்டியை எடுப்போம்” என்ற மனச்சாய்வுக்கு இடமில்லாமற் போயிற்று. 2010ஆம் ஆண்டின் முற்பாதியில் 56 நாட்கள் இவ்வாறு ஓடினார். உருக்கு வண்டியில் 30 நாள், காபன் வண்டியில் 26 நாள். முடிவை அவ்வாண்டு டிசெம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை வெளியிட்டது. இரு வண்டிகளிலும் சராசரி நேரம் ஏறத்தாழ 1 மணி 48 நிமிடமே. வித்தியாசம் அரை நிமிடமளவுதான். வேடிக்கை யாதெனில், அந்த அரை நிமிடமும் பழைய உருக்கு வண்டியின் பக்கமே இருந்தது! ஆயினும், நாளுக்கு நாள் நேரம் ஏறி இறங்கும் அளவோடு ஒப்பிட்டால், இவ்வித்தியாசத்தைப் பொருட்படுத்த இயலாது. இரண்டும் சமம் என்பதே நேர்மையான தீர்ப்பு.

அச்சஞ்சிகை நத்தார் காலத்தில் இத்தகைய நகைச்சுவை கலந்த ஆய்வுகளை வெளியிடுவது வழக்கம். மேலும், இது ஒருவரே செய்த சோதனை. வேலைக்குப் போய்வரும் பயணம், பந்தயமன்று. எந்த வண்டியில் ஏறியிருக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியும். இக்குறைகளை நாம் மறைக்கவில்லை. எனினும், ஏற்ற இறக்கமுள்ள அந்தப் பாதையிலேயே நாலு கிலோக் குறைவு கண்ணுக்குப் புலனாகவில்லை எனின், தட்டையான நமது கரையோர வீதியில் அது எவ்வளவு தூரம் புலனாகும் என்பதை வாசகர்களே சிந்திக்கலாம்.

வரலாறு கூறும் சாட்சி

பந்தய வரலாறும் இதே பாடத்தைப் புகட்டுகின்றது. 1972ஆம் ஆண்டு ஒக்டோபரில், பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிக்கோ நகரத்தின் ஓட்டத்தடத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடிச் சாதனை நாட்டினார். அவருக்கெனச் செய்யப்பட்ட வண்டியின் நிறை ஆறு கிலோவுக்கும் குறைவு. பாரத்தைக் குறைப்பதற்காக உதிரிப்பாகங்களில் துளைகள்கூட இடப்பட்டிருந்தன.

1984இல் இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் அதே நகரத்துக்கு வந்தார். அவர் கொண்டுவந்தது கம்பிகள் இல்லாத, தட்டுப் போன்ற சில்லுகள் பூட்டிய வண்டி. அச்சில்லுகள் கம்பிச் சில்லுகளிலும் பாரமானவை. ஆனால் காற்றை வழுக்கவிடுபவை. அவர் ஓடிய தூரம் 51.151 கிலோமீற்றர். புதிய பயிற்சி முறைகளும், அக்காலத்தில் தடைசெய்யப்படாதிருந்த இரத்தமேற்றலும் அவருக்கு உதவின என்பதையும் சொல்லாமல் விடலாகாது. ஆகவே, இதனினும் தெளிவான சாட்சி ஒன்றை நாம் அழைப்போம்.

பிரித்தானிய வீரர் கிறிஸ் போர்ட்மன் 1996ஆம் ஆண்டு மான்செஸ்டரில், கைகளை முன்னே நீட்டி, உடலை அம்புபோல் ஆக்கி, ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீற்றர் ஓடினார். பின்னர், சாதனை மனிதனுடையதா வண்டியினுடையதா என்ற விவாதம் மூண்டது. மெர்க்ஸ் காலத்து மாதிரியான வண்டியிலும் அமர்விலும் ஓடினாலன்றி மணிநேரச் சாதனையாகக் கொள்வதில்லை என்று சர்வதேச சைக்கிளோட்டச் சங்கம் விதித்தது. 2000ஆம் ஆண்டு அதே மான்செஸ்டரில் அதே போர்ட்மன் அவ்விதிப்படி ஓடினார். தூரம் 49.441 கிலோமீற்றர், மெர்க்ஸைவிடப் பத்து மீற்றர் மட்டுமே கூடுதல்! நான்கு ஆண்டுகளில் வீரரின் உடல்வலு சிறிது தளர்ந்திருந்தாலும், ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் வித்தியாசத்தில் பெரும்பங்கு காற்றின் கணக்கிலேயே சேரும்.

வீதியிலும் அப்படியே. 1989ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் பெரும்பந்தயத்தின் இறுதி நாள். 24.5 கிலோமீற்றர் தனியோட்டம் மட்டுமே மீதமிருந்தது. பிரெஞ்சு வீரர் லோரன் பின்யோன் 50 செக்கன் முன்னணியில் இருந்தார். அமெரிக்கரான கிரெக் லெமொண்ட் கைகளை ஒடுக்கி முன்னே நீட்டிப் பிடிக்கும் ஒரு கைபிடியைப் பூட்டி, காற்றை வழுக்கும் தலைக்கவசமும் அணிந்து புறப்பட்டார். பின்யோன் தலைக்கவசமின்றி, பின்னே கட்டிய கூந்தல் காற்றிற் பறக்க ஓடினார். அன்று 58 செக்கன்களை இழந்தார். மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிய பந்தயம் 8 செக்கனில் கைநழுவிற்று.

எதிர்க்கட்சியின் வாதம்

ஒருபக்கத்தை மட்டும் பேசுவது நடுநிலையாகாது. பாரம் குறைந்த வண்டிக்கு வெற்றி தரும் இடங்களும் உள. மலையேற்றமே அவற்றுள் முதன்மையானது. நமது கடதாசி ஓட்டுநரைக் கரையோரத்திலிருந்து அழைத்துச் சென்று, நூறு மீற்றருக்கு ஏழு மீற்றர் உயரும் ஒரு பாதையில் 10 கிலோமீற்றர் ஏறச் செய்வோம். 15 கிலோ வண்டியில் அவருக்கு ஏறத்தாழ 47 நிமிடம் பிடிக்கும். 10 கிலோ வண்டியிலோ இரண்டே முக்கால் நிமிடம் முந்திவிடுவார். 40 கிலோமீற்றர் சமதரையில் 20 செக்கன் தந்த அதே ஐந்து கிலோ, 10 கிலோமீற்றர் மலையில் 165 செக்கன் தருகின்றது. மகியங்கனையிலிருந்து கண்டிக்குப் போகும் வழியிலுள்ள பதினெட்டு வளைவில் பேருந்து முனகிக்கொண்டு ஏறுவதை நேரிற் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குப் பந்தயம் ஓடுபவர் பாரத்தைப் பற்றிக் கவலைப்படுவது முற்றிலும் நியாயமே.

இரண்டாவதாக, மேல்நிலைப் போட்டிகளில் 20 செக்கன் என்பது சிறிய தொகையன்று. எல்லோரும் சமவலுவுடன், சமபயிற்சியுடன், நல்ல ரயர்களுடன் ஓடும் இடத்தில் கடைசி ஓர் இறாத்தலும் கணக்கிற்கு வரலாம். அதனாலேயே உலக அரங்கில் பாரக் குறைப்பு அளவுக்கு மீறிப்போய், பந்தய வண்டியின் நிறை 6.8 கிலோவுக்குக் குறையலாகாது என்ற விதியைச் சர்வதேசச் சங்கம் 2000ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்தியது. பாதுகாப்பும், பணமுள்ளவன் மட்டுமே வெல்லும் நிலை வரலாகாது என்ற எண்ணமும் அவ்விதியின் அடிப்படை. உலக வீரர்களையே, “இதற்குமேல் பாரத்தைக் குறைக்கவேண்டாம், காலை நம்புங்கள்” என்று சொல்லவேண்டி வந்ததைக் கவனியுங்கள்.

மூன்றாவதாக, கரியரும் மட்காட்டும் தாங்கியும் பூட்டிய வீட்டுச் சைக்கிளுக்கும் பந்தய வண்டிக்கும் வேற்றுமையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வேற்றுமை பெரிது. ஆனால் அது பெரும்பாலும் பாரத்தினால் வந்ததன்று. பந்தய வண்டியின் கைபிடி தாழ்ந்தது, ஆசனம் உயர்ந்தது, ரயர் நேர்த்தியானது, காலுக்கேற்ப மாற்றத்தக்க பற்சில்லுகள் பல. இவையெல்லாம் சேர்ந்து தரும் வேகத்துக்குப் பாரமே காரணம் என்று எண்ணி மயங்குகின்றோம். 1903ஆம் ஆண்டு பிரான்சின் முதற் பெரும்பந்தயத்தை மணிக்கு 25 கிலோமீற்றர் சொச்ச வேகத்தில் மொறிஸ் காரென் வென்றார்; இன்று அவ்வேகம் 40க்கு மேல். வண்டி இலேசானது உண்மையே. அத்துடன் வீதிகள் தார் பூண்டன. ஒருநாள் ஓட்டத்தின் தூரம் குறைந்தது. 1937 முதல் பற்சில்லு மாற்றும் கருவி அனுமதிக்கப்பட்டது. பயிற்சியும் உணவும் விஞ்ஞானமாயின. பெருமை முழுவதையும் தராசுக்கே கொடுத்துவிடுவது தகாது.

நமது வீதிக்கு நமது வைத்தியம்

அப்படியாயின், இருக்கும் வண்டியைக் கொண்டு பெரியநீலாவணைப் பையன் ஒருவன் என்ன செய்யலாம்?

முதலாவது, ரயர். பந்தயத்தன்று காலையில், ரயரின் பக்கத்திற் பொறித்திருக்கும் அளவை மீறாமல் காற்று அடிக்கவேண்டும். தேய்ந்து வெடித்த ரயரை மாற்றவேண்டும். புதிய வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் ரயரின் விலை ஒன்றுமேயன்று.

இரண்டாவது, சங்கிலியும் அச்சும். நமது கடற்காற்றில் உப்பு உண்டு. வீதியோரத்தில் மணல் உண்டு. இரண்டும் சேர்ந்தால் சங்கிலி துருப்பிடித்து முறுமுறுக்கும். வாரத்துக்கொருமுறை துடைத்து, அளவாக எண்ணெய் இடவேண்டும். சில்லைத் தூக்கிச் சுழற்றினால் பிறேக் கட்டை உரசாமல் நெடுநேரம் சுற்றவேண்டும். உரசினால் சைக்கிள் கடைக்காரரிடம் காட்டுக.

மூன்றாவது, அமர்வு. பெடல் அடியில் நிற்கும்போது முழங்கால் சிறிதளவே மடங்கியிருக்கும்படி ஆசனத்தை உயர்த்துக. நம்மவரிற் பலர் ஆசனத்தை மிகத் தாழ்வாக வைத்து, முழங்காலை வருத்தி, வலுவையும் வீணாக்குகின்றனர். பின்பு முதுகைத் தாழ்த்திப் பழகுக. காற்றில் உப்பிப் பறக்கும் தளர்ந்த சட்டையை அன்றொருநாள் களைந்து, உடலோடு ஒட்டிய சட்டை அணிக.

நான்காவது, நிழல். வெயிலுக்கு நிழல்போல் காற்றுக்கும் நிழல் உண்டு. முன்னே செல்பவரின் பின்னால் அண்மையில் ஓடுபவருக்கு நாலில் ஒரு பங்கு வலு மிச்சமாகலாம். தோழர் இருவர் முறைமாறி முன்னே ஓடிப் பழகினால், எதிர்க்காற்றில் தனியே ஓடும் விலையுயர்ந்த வண்டியை எளிதிற் பிடித்துவிடுவர். ஆயின், முன்சில்லு பின்சில்லில் முட்டினால் விழுவது உறுதி. எனவே இதனைப் பழகாமல் கூட்டத்திற் செய்யலாகாது.

பாரத்தைக் குறைத்தே தீரவேண்டுமெனின், பந்தயத்தன்று கரியரையும் தாங்கியையும் கழற்றிவிடுக. அதற்குக் காசு வேண்டாம்; ஒரு சாவி போதும். ஆனால் பிறேக்கையும் மணியையும் தொடாதீர்கள். மருத்துவர் குரோவ்ஸ், வண்டியின் பாரத்தைக் குறைப்பதைவிட ஓட்டுபவர் தம் பாரத்தைக் குறைப்பது மலிவு என்று எழுதினார். அது தொந்தி வளர்ந்த பெரியவர்களுக்குச் சொன்ன வார்த்தை, வளரும் பிள்ளைகளுக்கன்று. பந்தயத்துக்காகப் பட்டினி கிடக்கும் மாணவன் முதலில் இழப்பது கால்வலுவையே.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை

பிள்ளை சைக்கிள் கேட்பதைக் குற்றமாகக் கொள்ளாதீர்கள். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, மூலையிற் கிடந்த சைக்கிளை உத்தியோகத்தரும் ஆசிரியரும் துடைத்தெடுத்து ஓடியதை நாம் மறக்கவில்லை. மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் நல்ல வண்டி ஒன்று அவசியமே. கேள்வி, எந்த வண்டி என்பதே. பிள்ளையின் உயரத்துக்குப் பொருந்தாத காபன் வண்டியைவிட, உயரத்துக்குப் பொருந்திய உருக்கு வண்டி வேகமானது. உருக்கு வளைந்தால் நிமிர்த்தலாம், உடைந்தால் ஒட்டலாம்; காபன் நார் வெடித்தாலோ அதைத் திருத்தும் கைகள் அருமை. தேவையின் பொருட்டு நகையை அடைவு வைப்பது வேறு; இருபது செக்கனின் பொருட்டு வைப்பது வேறு.

விழா நடத்தும் கழகத்தாரிடமும் ஒரு விண்ணப்பம். சாதாரண வண்டிக்கும் பந்தய வண்டிக்கும் தனித்தனிப் பிரிவு வைத்தல் நன்று. அப்போது எந்தப் பிள்ளையும் தோல்விக்கு வண்டியைச் சாட்டாது. எந்தப் பிள்ளையின் வெற்றியையும் ஊரார் வண்டிக்கு எழுதிவைக்கமாட்டார்கள்.

மாணவர்களுக்கு ஒரு சோதனை

நாம் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். போக்குவரத்துக் குறைந்த, பாதுகாப்பான ஐந்து கிலோமீற்றர் வழியொன்றைத் தெரிவு செய்க. நெற்கடைத் தராசில் வண்டியை நிறுத்து எழுதுக. இரண்டு போத்தல்களில் தண்ணீர் நிரப்பி, மூன்று கிலோ வருமாறு வண்டியில் இறுகக் கட்டுக. தினமும் காலையில் நாணயத்தைச் சுண்டி, தலையென்றால் நிறைந்த போத்தல், பூவென்றால் வெற்றுப் போத்தல் என்று ஓடுக. போத்தலின் வடிவம் இரு நாளும் ஒன்றாதலால் காற்றுக்கு வேற்றுமை தெரியாது. வேறுபடுவது பாரம் மட்டுமே. நேரத்தையும், காற்று எப்பக்கம் வீசியது என்பதையும் கொப்பியிற் குறிக்க. இருபது நாள் முடிந்ததும் இரு சராசரிகளையும் ஒப்பிடுக. பின்பு, முதுகை நிமிர்த்திப் பத்து நாளும் தாழ்த்திப் பத்து நாளும், முன்போலவே நாணயத்தின் தீர்ப்பின்படி ஓடிப் பாருங்கள். தலைக்கவசம் அணிய மறவாதீர்கள்.

நாற்பது நாளிற் கொப்பி நிறைந்துவிடும். உங்கள் தோல்விக்கு வண்டி எவ்வளவு பொறுப்பு, காற்று எவ்வளவு பொறுப்பு, கால் எவ்வளவு பொறுப்பு என்பதை அக்கொப்பி பட்சபாதமின்றிச் சொல்லும். நாற்பது நாள் இடைவிடாது ஓடிய காரணத்தால் கால்களும் வலுப்பெற்றிருக்கும். அதற்குப் பின்னரும் புதிய வண்டி வேண்டுமென்று தோன்றினால், அந்தக் கொப்பியைப் பெற்றோரிடம் காட்டிப் பேசுங்கள். அதுவரை உம்மாவின் வளையல் உம்மாவின் கையிலேயே இருக்கட்டும்.